கௌசானியில் பத்து நாட்கள்

இமயமலையைத் தரிசிக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் சித்திரை, வைகாசி மாதங்களிலேயே புறப்படுகிறார்கள். சமவெளியில் வெயில் கொளுத்தும்போது மலையின் நினைவு வருவது இயற்கைதானே? ஆனால் அந்த மாதங்களில் குமாவோன் மலைநாட்டுக்குப் போனவர்களில் பலர் பனிச் சிகரங்களைக் கண்ணால் காணாமலே திரும்பியிருக்கிறார்கள். கோடைக் காலத்தில் சமவெளியிலிருந்து எழும் புழுதியும், பைன் மரக் காடுகளில் பற்றும் தீயின் புகையும் ஆகாயத்தைத் திரை போல மூடிவிடும். ஆனி முதல் ஆவணி வரையில் மழை. மேகம் கலைந்தால் அது பெரும் பாக்கியம்.

புரட்டாசி பாதிக்கு மேல்தான் மழை ஓய்கிறது. ஆகாயத்தைக் கழுவித் துடைத்து வைத்தாற்போல் இருக்கும். அப்போது வடக்கே திரும்பிப் பார்த்தால், 23,360 அடி உயரமுள்ள திரிசூலமும், அதற்குப் பின்னால் 25,643 அடி உயரமுள்ள நந்தாதேவியும், கிழக்கே ஐந்து கொடுமுடிகளோடு பஞ்சசூலியும் கைக்கெட்டும் தூரத்தில் நிற்பதாகத் தோன்றும். ஆகவே புரட்டாசிக் கடைசியில் கௌசானிக்குப் புறப்பட்டேன்.

மலையைப் பார்க்கத்தான் போனேன். ஆனால் அந்தப் பத்து நாட்களில் நான் அதிகமாகப் பார்த்தது மலையை அல்ல. இரண்டு பெண்மணிகளின் கைகளைத்தான்.

வழிப் பிரயாணம்

தில்லியில் இரவு ரயில் ஏறினால் விடியற்காலையில் காட்கோதாம் வந்து சேரலாம். இருப்புப் பாதை அங்கே முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் பஸ்ஸோ, பலர் சேர்ந்து வாடகை கொடுத்துப் போகும் ஜீப்போதான். அல்மோராவைத் தாண்டிக் கோசி நதியின் ஓரமாகவே பாதை செல்கிறது. சோமேசுவரப் பள்ளத்தாக்கில் நெல் அறுவடை நடந்துகொண்டிருந்தது. நம் தஞ்சை ஜில்லாவின் ஒரு துண்டை யாரோ எடுத்து மலைகளுக்கு நடுவில் பதித்து வைத்தது போன்ற தோற்றம்.

அப்பால் சனௌதா என்ற கிராமம். 1937-இல் இங்கே காந்தி ஆசிரமம் ஒன்று ஏற்பட்டு, கம்பளி நூற்பும் நெசவும் மலை மக்களிடையே பரவின. 1942-ஆம் வருஷத்துப் போராட்டத்தின்போது அன்னிய அரசாங்கம் அந்த ஆசிரமத்தைப் பூட்டி முத்திரை வைத்தது. கம்பளி நூற்கும் ராட்டினத்தைக் கண்டு ஒரு சாம்ராஜ்யம் அஞ்சியது என்றால், அந்த ராட்டினத்தின் பலம் என்னவென்று ஊகித்துக்கொள்ளலாம்.

சனௌதாவிலிருந்து வளைந்து வளைந்து ஏறினால், ஏறக்குறைய 6,200 அடி உயரத்தில் மலை முகட்டின் மேல் கௌசானி. ஊர் சிறியது. முகட்டின் வடபுறம் கீழே கத்யூர்ப் பள்ளத்தாக்கும், கோமதி நதிக் கரையில் பைஜ்நாத் ஆலயமும் தெரிகின்றன. கடைத்தெருவிலிருந்து ஒரு மைல் இறங்கினால் உள்ள ஒரு கிராமத்தில், வீட்டிலேயே ஓர் அறையை யாத்திரிகர்களுக்கு விடும் குடும்பம் ஒன்றில் தங்கினேன்.

ஆமா

வீட்டின் தலைவி எழுபத்தைந்து வயதைக் கடந்த மூதாட்டி. குமாவோன் மக்கள் பாட்டியை ‘ஆமா’ என்று அழைக்கிறார்கள். தமிழ் நாட்டில் பிறந்தவனுக்கு இதைப் போல் சௌகரியமான சொல் வேறு இல்லை. நான் எதைக் கேட்க வாயெடுத்தாலும் “ஆமா!” என்றுதான் தொடங்கவேண்டியிருந்தது. அவள் சொல்வதையெல்லாம் முன்கூட்டியே ஒப்புக்கொண்டுவிட்டேன் என்று பொருள்! பத்து நாட்களில் அந்த அர்த்தமும் சரியாகவே அமைந்துவிட்டது.

ஆமாவுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் ராணுவத்தில் எங்கோ எல்லைப்புறத்தில் இருக்கிறான். இளையவன் மனைவியோடும் ஆறு வயதுப் பெண் குழந்தையோடும் தில்லியில் குடியிருக்கிறான். வீட்டில் இருப்பவர்கள் ஆமாவும், மூத்த மருமகளும், அவளுடைய பள்ளிக்கூடம் போகும் பையனும். மருமகளை அங்கே ‘ப்வாரி’ என்கிறார்கள். ஊரில் அவளை எல்லாரும் இன்னாருடைய ப்வாரி என்றே அழைத்தார்கள். நானும் ‘தீதி’ என்று சொல்லிக்கொண்டிருந்தேனே தவிர, அவளுடைய பெயரைக் கேட்கத் தோன்றவில்லை. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

வீடு இரண்டு தளம் கொண்டது. கல் சுவர், பலகைக் கல் வேய்ந்த கூரை. கீழ்த் தளத்தில் மாடுகள், மேல் தளத்தில் மனிதர்கள். குளிர் காலத்தில் மாடுகளின் மூச்சுச் சூடு மேலே ஏறி மனிதர்களுக்கும் கதகதப்பு அளிக்குமாம். முன்னால் கல் பாவிய முற்றம். அந்த முற்றத்தில் வெயில் விழும் இடத்தில், காலை பத்து மணிக்கு ஆமா கம்பளி நூல் பையோடு வந்து உட்காருவாள்.

‘அடடா! சரத் காலத்து வெயில், எதிரே பனிமலை, மடியில் கம்பளி நூல், கையில் பின்னல் ஊசி. இதல்லவோ வாழ்க்கை!’ என்று முதல் நாள் எண்ணினேன். நம் பக்கத்தில் கம்பளி பின்னுவது பொழுது போகாத துரைசானிகளின் வேலை என்ற அபிப்பிராயம் உண்டல்லவா? எனக்கும் அந்த அபிப்பிராயம் இருந்தது. அது இரண்டு நாள் கூடத் தாங்கவில்லை.

வெயில் இருக்கும்போதே

குமாவோனில் சூரியன் ராசி மாறும் நாளிலேயே மாதம் பிறக்கிறது. ஆகையால் நம்முடைய புரட்டாசி முதல் தேதியும் அவர்களுடைய ‘அசோஜ்’ மாத முதல் தேதியும் ஒன்றுதான். நாட்டின் இரு கோடிகளில் இருக்கும் மக்கள் ஒரே பஞ்சாங்கத்தைப் புரட்டுகிறார்கள் என்பதை அறிந்தபோது எனக்கு ஒரு சந்தோஷம் ஏற்பட்டது. அன்றைக்கு அங்கே ‘கதடுவா’ என்ற பண்டிகை. தொழுவத்தைச் சுத்தம் செய்து, மாடுகளுக்குப் பசும்புல் ஊட்டி, மாலையில் காய்ந்த புல்லைக் குவித்துத் தீ மூட்டி, வெள்ளரிக்காய் வெட்டிப் பகிர்ந்து உண்பார்கள். நம்முடைய மாட்டுப் பொங்கலையும் போகியையும் ஒரே நாளில் கொண்டாடுவது போல் இருக்கிறது. அந்தத் தீதான் குளிர் காலம் வருகிறது என்பதற்கு முன்னறிவிப்பு. அன்று முதல் மலைப் பெண்களுக்கு ஓட்டந்தான்.

என்ன வேலைகள் என்று கேட்கிறீர்களா? கேழ்வரகுக் கதிரும் குதிரைவாலியும் அறுத்து அடிக்க வேண்டும். கொள்ளும் கறுப்பு ஸோயா மொச்சையும் பிடுங்கி உலர்த்த வேண்டும். நிலம் காலியானதும் கோதுமை விதைக்க வேண்டும். மிளகாயைக் கூரையின் மேல் பரப்ப வேண்டும். பூசணிக்காய்களை அங்கேயே அடுக்க வேண்டும். மக்காச்சோளக் கதிர்களைத் தோலோடு முடிந்து உத்திரத்தில் தொங்கவிட வேண்டும். அடுப்புக்கு விறகு பிளந்து அடுக்க வேண்டும். தொழுவத்தில் மாடுகளுக்குக் கீழே பரப்புவதற்குக் காட்டிலிருந்து சருகு வாரிக்கொண்டு வர வேண்டும். அதுவே மக்கி எருவாகும். தீபாவளி வருவதற்குள் தரையைச் செம்மண்ணால் மெழுகி, அரிசி மாவைக் கரைத்து விரலால் ‘ஐப்பண்’ என்ற கோலம் போட வேண்டும். வாசலிலிருந்து பூஜை அறை வரையில் லக்ஷ்மியின் பாதங்கள் வரைய வேண்டும்.

ஒரு நாள் ஆமா முற்றிய வெள்ளரிக்காயைத் துருவி, ஊறவைத்து அரைத்த உளுத்தம் மாவோடு பிசைந்து, துணியின் மேல் சின்னச் சின்னதாகக் கிள்ளி வைத்தாள். “இதற்கு எங்கள் ஊரில் வடகம் என்று பெயர்” என்றேன். அவள் அதை நம்பவில்லை. “மதராஸில் பனி பெய்யாதே! காய்கறி கிடைக்காத மாதம் உங்களுக்கு ஏது? பின் எதற்கு உலர்த்துகிறீர்கள்?” என்று கேட்டாள். மழைக் காலத்துக்காக என்று சொன்னேன். வெயில் இருக்கும்போதே அதில் கொஞ்சத்தை எடுத்துச் சேமித்து வைப்பது என்பது எந்த ஊர்ப் பாட்டிக்கும் தெரிந்த வித்தைதான். கேழ்வரகு எங்களுக்கும் உணவு என்று தெரிந்த பிறகு, அவள் என்னை அந்நியனாகவே பாவிக்கவில்லை. நெய் தடவிய கேழ்வரகு ரொட்டி தினந்தோறும் தட்டில் விழுந்தது.

இந்த வேலைகளையெல்லாம்விடப் பெரிய வேலை புல். மார்கழி முதல் நான்கு மாத காலம் மாடுகள் பிழைத்திருக்க வேண்டுமானால், ஐப்பசிக்குள் மலைச் சரிவிலுள்ள புல்லை அறுத்து, உலர்த்தி, போர் போட்டாக வேண்டும். சரிவு என்றால் சாதாரணச் சரிவு அல்ல. சுவரில் ஏணி சாய்த்தாற்போல் இருக்கும். பெண்கள் இடுப்பில் அரிவாளும் கயிறுமாக விடியுமுன் போகிறார்கள். வெயில் ஏறும்போது பார்த்தால், சிறு சிறு புற்குன்றுகள் கால் முளைத்து மலையிலிருந்து இறங்கி வருவது போல் இருக்கும். கிட்ட வந்தால்தான் கட்டுக்கு அடியில் ஒரு முகம் இருப்பது தெரியும்.

சீதா, உல்டா

அப்படியானால் பின்னல் எப்போது? மற்ற வேலைகளின் இடுக்குகளில்தான். ஆமாவின் முழங்காலில் இனி மலையேறும் சக்தி இல்லை. ஆகவே களத்தில் காயும் தானியத்தைக் குருவியிடமிருந்தும் குரங்கிடமிருந்தும் காப்பது அவள் உத்தியோகம். காவல் வேலைக்குக் கண் மட்டும் போதும். கை சும்மா இருப்பானேன் என்று பின்னுகிறாள். ப்வாரி பின்னுவது இரவில், அடுப்பில் பருப்பு வேகும் நேரத்தில்.

நெசவுக்கும் பின்னலுக்கும் உள்ள வித்தியாசத்தை ஆமாதான் எனக்கு விளக்கினாள். தறியில் நூல்கள் நெடுக்கும் குறுக்குமாக நேராக ஓடுகின்றன. பின்னலிலோ ஒரே நூல், கண்ணி கண்ணியாக வளைந்து, ஒரு வரிசை மற்றொரு வரிசைக்குள் நுழைந்து கொண்டே போகிறது. வளைவுகளாக இருப்பதால் இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும், உடம்போடு ஒட்டிக்கொள்ளும். கண்ணிகளுக்குள் அகப்பட்ட காற்று வெளியே போகாமல் நிற்பதனால்தான் உடலின் சூடும் நிற்கிறது. கண்ணியை முன்புறமாக வாங்கினால் ‘சீதா’, பின்புறமாக வாங்கினால் ‘உல்டா’. இவ்விரண்டே அந்தச் சாஸ்திரத்தின் அகராதி. ஒரு சீதா, ஒரு உல்டா என்று மாற்றி மாற்றிப் போட்டால் விளிம்புக்கு வேண்டிய இழுவை வரும். விளிம்புக்கு மெல்லிய ஊசி. உடம்புப் பாகத்துக்குச் சற்றுத் தடித்த ஊசி. முதுகு, மார்பு, இரண்டு கைகள் என்று நான்கு துண்டுகளாகப் பின்னிப் பிறகு தைத்துச் சேர்க்க வேண்டும்.

கண்ணிக்கு ஹிந்தியில் ‘பந்தா’ என்கிறார்கள். அந்தச் சொல்லுக்குச் சுருக்கு என்றும் பொருள் உண்டு. நம் தமிழிலும் கண்ணி என்றால் பூமாலையும் ஆகும். பறவை பிடிக்கும் வலையும் ஆகும். இதை ஆமாவிடம் சொன்னபோது அவள் நெடுநேரம் சிரித்தாள். “பிள்ளை குட்டிகள் கூடத்தான் அப்படி!” என்றாள்.

ஆமா பின்னிக்கொண்டிருந்தது தில்லியிலுள்ள பேத்திக்கு. அந்தக் குழந்தையைப் பார்த்து ஒன்றரை வருஷம் ஆகிவிட்டது. கைத் தொலைபேசியில் முகம் தெரிகிறது; குரல் கேட்கிறது; ஆனால் தோள் அகலம் அதில் தெரிவதில்லையே! ஆகவே அக்கம் பக்கத்தில் ஆறு வயதுக் குழந்தை ஒன்றைக் கூப்பிட்டு நிற்கவைத்து, ஜாண் போட்டு அளந்தாள். “தில்லிக் குழந்தை பால் அதிகம் குடிக்கும்” என்று சொல்லி இரண்டு விரற்கடை கூட்டிக்கொண்டாள். சென்ற வருஷம் இப்படி ஊகித்துச் செய்தது சிறியதாகப் போய்விட்டதாம். அதைத் திரும்ப வாங்கி வந்து பிரித்துவிட்டிருந்தாள்.

பிரிப்பதும் ஒரு கலைதான். முடிச்சைக் கண்டுபிடித்து இழுத்தால் சட்டை முழுவதும் நூலாகக் கழன்று வரும். சுருட்டை மயிர் போல நெளிந்திருக்கும் அந்த நூலை முழங்கால்களைச் சுற்றிச் சிட்டமாகச் சுற்றி, வெந்நீரில் அலசி, அடியில் கனம் கட்டித் தொங்கவிட்டால் நெளிவு நீங்கி மறுபடி புது நூலாகிவிடுகிறது. அவள் கையிலிருந்த நீல நூல் முதலில் காலஞ்சென்ற கணவருக்குச் சட்டையாக இருந்தது. பிறகு இளைய பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் சட்டையாயிற்று. பின்பு பேத்திக்கு, இப்போது அதே பேத்திக்கு மறுபடியும், கொஞ்சம் புது நூல் சேர்த்து. மூன்று தலைமுறையை ஒரே நூல் சுற்றி வந்திருக்கிறது.

“ஊசி பிடிக்க எப்போது கற்றாய், ஆமா?” என்று கேட்டேன்.

“சீனாக்காரன் வந்த வருஷம்” என்றாள்.

1962-இல் எல்லையில் போர் மூண்டபோது, நம் ஜவான்களுக்காக நாடெங்கும் பெண்கள் கம்பளி பின்னினார்கள் அல்லவா? அப்போது பள்ளிச் சிறுமியாக இருந்த ஆமா பின்னிய முதல் உருப்படி ஒரு முகந்தெரியாத சிப்பாய்க்குக் கழுத்துப் பட்டை. அதற்கு முன்பெல்லாம் கூதிர் காலம் வந்தால், உயரப் பள்ளத்தாக்குகளிலிருந்து சௌக்கா வணிகர்கள் ஆட்டு மந்தைகளின் முதுகில் திபெத்து உப்பும் கம்பளியும் ஏற்றிக்கொண்டு கீழே இறங்கி வருவார்களாம். ஆட்டு மணி ஓசை கேட்டால் குழந்தைகள் ஓடுவார்களாம். அந்த வருஷத்தோடு திபெத்து வியாபாரம் நின்றுபோயிற்று. மணி ஓசை நின்ற வருஷத்திலேதான் அவள் கையில் ஊசி ஏறியது.

பற்றும் பற்றின்மையும்

கௌசானிக்கு வருகிற நம் நாட்டினர் தவறாமல் பார்க்கும் இடம் ஒன்று உண்டு. 1929-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் மகாத்மா காந்தி இந்த முகட்டில் இரண்டு வார காலம் தங்கினார். தாம் குஜராத்தியில் செய்திருந்த கீதை மொழிபெயர்ப்புக்கு இங்கேதான் முகவுரை எழுதி, ஜூன் 24-ஆம் தேதியிட்டுக் கையெழுத்திட்டார். ‘அநாஸக்தி யோகம்’ என்ற அந்த நூல், 1930 மார்ச் 12-இல், அவர் தண்டி யாத்திரை புறப்பட்ட அன்றே வெளியாயிற்று. அவர் தங்கிய இடம் இன்று அநாஸக்தி ஆசிரமமாக விளங்குகிறது.

பற்றின்றிக் கருமம் செய்வதே அந்த யோகம். ஆசிரமத்துத் திண்ணையில் உட்கார்ந்து திரிசூலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஒரு மைல் கீழே ஜாண் போட்டு அளந்துகொண்டிருக்கும் ஆமாவின் நினைவு வந்தது. அவள் போடும் ஒவ்வொரு கண்ணியும் பற்றுத்தானே? என்றாலும் சென்ற வருஷத்து உழைப்பு முழுவதையும் ஒரே மாலையில் பிரித்துவிட்டு, முகம் சுளிக்காமல் முதற் கண்ணியிலிருந்து தொடங்குகிறாளே, அதற்கு என்ன பெயர்? இதற்கு விடை சொல்ல எனக்கு யோக்யதை இல்லை.

கௌசானியில் இன்னோர் ஆசிரமமும் இருக்கிறது. 1901-இல் லண்டனில் காதரின் ஹைல்மனாகப் பிறந்து, 1932-இல் இந்தியா வந்து, காந்திஜியின் சிஷ்யையாகிச் சரளா பஹன் என்று பெயர் பெற்ற அம்மையார் 1941-இல் இந்த மலைக்கு வந்தார். 1942 போராட்டத்தில் சிறை சென்றவர்களின் குடும்பங்களுக்கு மலை மலையாக நடந்து சென்று ஆறுதல் சொன்னார், தாமும் சிறைப்பட்டார். 1946-இல் மலைப் பெண்களுக்காக லக்ஷ்மி ஆசிரமத்தை நிறுவினார். ஏட்டுப் படிப்போடு தோட்ட வேலை, பசுப் பராமரிப்பு, சமையல், நூற்பு எல்லாம் அங்கே கல்விதான். மலையில் பெண்ணைப் பள்ளிக்கு அனுப்ப அக்காலத்தில் பெற்றோர் தயங்கினார்கள். பெண் படிக்கப் போய்விட்டால் புல் அறுப்பது யார்?

அந்தக் கேள்வியை அப்போது நான் ஏட்டில் வருகிற கேள்வியாகத்தான் நினைத்தேன்.

ஓர் இரவு

எட்டாம் நாள் மாலை. சூரியன் மறைந்து பனிச் சிகரங்கள் செந்நிறம் மாறிச் சாம்பலாகிவிட்டன. மலையில் இருட்டு மெல்ல வருவதில்லை. கதவைச் சாத்தினாற்போல் வருகிறது. புல்லுக்குப் போன பெண்கள் ஒவ்வொருவராகத் திரும்பிவிட்டார்கள். ப்வாரியை மட்டும் காணவில்லை.

“மேல் சரிவில் ஒரு கட்டு பாக்கி இருக்கிறது என்று பின்தங்கினாள்” என்று ஒருத்தி சொல்லிவிட்டுப் போனாள்.

ஆமா ஒன்றும் பேசவில்லை. முற்றத்திலேயே உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தாள். விளக்குக் கூட ஏற்றவில்லை. ஊசிகள் ஒன்றோடொன்று மோதும் சப்தம் மட்டும் கேட்டது. வழக்கத்தைவிட வேகமாகக் கேட்டது. புல் அறுக்கும்போது கால் வழுக்கிப் பள்ளத்தில் விழுவதும், மரத்தில் தழை ஒடிக்க ஏறிக் கிளை முறிவதும், சிறுத்தையிடம் அகப்படுவதும் இந்த மலைகளில் கூதிர் காலந்தோறும் கேட்கும் செய்திகள். பையன் வாசற்படியில் நின்று, “ஈஜா! ஈஜா!” என்று தாயை அழைத்துக்கொண்டிருந்தான். எதிர்மலை அதையே திருப்பிச் சொல்லிற்று.

நானும் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவரும் கைவிளக்கு எடுத்துக்கொண்டு புறப்பட்டோம். அரை மைல் ஏறியிருப்போம். மேலே வளைவில் ஓர் அசைவு தெரிந்தது. ப்வாரி நொண்டிக்கொண்டே இறங்கி வந்தாள். ஈரப் பாறையில் கால் வழுக்கிச் சிறிது தூரம் சறுக்கியிருக்கிறாள். ஒரு புதர் தடுத்திருக்கிறது. முழங்காலில் நீளமாகக் கீறி இரத்தம் உறைந்திருந்தது. இவ்வளவுக்குப் பிறகும் புல்லுக்கட்டு தலையில் இருந்தது! “அதைப் போட்டுவிட்டு வரக் கூடாதா?” என்று நான் கேட்டபோது, “எருமைக்கு நாளைக்கு என்ன போடுவது?” என்றாள். பெரியவர் கட்டை வாங்கிக்கொண்டார்.

வீடு சேர்ந்ததும் ஆமா அவளைக் கட்டிக்கொள்ளவுமில்லை, அழவுமில்லை. வெந்நீர் வைத்துக் காயத்தைக் கழுவி, மஞ்சள் அப்பிக் கட்டினாள். “கண் தெரிகிற நேரத்தில் வரத் தெரியாதா?” என்று கடிந்துகொண்டாள். எல்லாரும் சாப்பிட்ட பிறகு விளக்கின் கீழ் பின்னலை எடுத்துப் பார்த்தாள். அந்த ஒரு மணி நேரத்தில் போட்டிருந்த பத்துப் பன்னிரண்டு வரிசையிலும் சீதா இருக்க வேண்டிய இடத்தில் உல்டா. நடுவே கண்ணிகள் நழுவி ஓட்டை ஓட்டையாக இருந்தது. ஒரு வார்த்தை பேசாமல் அவ்வளவையும் உருவிவிட்டாள்.

1921-ஆம் வருஷம் ஜனவரி 14-ஆம் தேதி, இங்கிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தூரத்திலுள்ள பாகேசுவரத்தில், சரயு நதிக் கரையில் உத்தராயணத் திருவிழாவுக்குக் கூடிய ஆயிரக்கணக்கான மலை மக்கள், பத்ரிதத்த பாண்டே முதலிய தலைவர்களின் முன்னிலையில் ஒரு சபதம் செய்தார்கள். வெள்ளைக்கார உத்தியோகஸ்தர்களின் மூட்டை முடிச்சுகளைக் கூலியின்றிச் சுமக்கும் ‘பேகார்’ வழக்கத்துக்கு இனி உடன்படுவதில்லை என்று சொல்லி, சுமை சுமப்போரின் பெயர் எழுதிய புத்தகங்களை நதியில் எறிந்தார்கள். மலைநாட்டு ஆண்களின் தோளிலிருந்து அந்த அவமானச் சுமை அன்றைக்கு இறங்கிற்று. ஆனால் பெண்களின் தலையிலுள்ள சுமையை எழுதிவைத்த புத்தகம் ஏதும் இல்லையே! இருந்தால்தானே எந்த நதியிலாவது எறியலாம்? ஆண்கள் பிழைப்புக்காகச் சமவெளிக்குப் போய்விட, அவர்களுடைய வேலையும் சேர்ந்து அந்தத் தலைகளிலேயே ஏறியிருக்கிறது.

பச்சை நூல்

மறுநாள் காலையில் ப்வாரியை எழுந்திருக்கக் கூடாது என்று ஆமா உத்தரவு போட்டுவிட்டாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் இவள் பங்கு புல்லையும் அறுத்துக்கொண்டு வந்து போட்டார்கள். இதற்கு யாரும் நன்றி சொல்லவில்லை, யாரும் எதிர்பார்க்கவுமில்லை. பகலில் எல்லாரும் எங்கள் முற்றத்தில் கூடினார்கள். பெரிய மலை எலுமிச்சங்காய்களை உரித்துச் சுளையாக்கி, தயிரும் முள்ளங்கியும் வறுத்தரைத்த சணல் விதையும் வெல்லமும் சேர்த்துப் பிசைந்து ஒரு தட்டில் வைத்தார்கள். (போதை தருவது இலைதான், விதை அல்ல என்று ஆமா எனக்கு அபயம் அளித்தாள்.) தட்டைச் சுற்றி ஆறு பெண்கள், ஆறு பேர் மடியிலும் பின்னல். நான் முதல் நாள் எண்ணிய சித்திரம் இதுதான். அன்று இல்லாத அர்த்தம் இப்போது அதில் இருந்தது. ஒவ்வொருத்தியும் மலையிடமிருந்து ஒரு மணி நேரத்தை மல்லுக்கட்டி வாங்கிவந்து உட்கார்ந்திருக்கிறாள்.

அப்போதுதான் ஒன்று என் கண்ணில் பட்டது. ப்வாரி அணிந்திருந்த கம்பளிச் சட்டை கடைச் சரக்கு, முழங்கையில் கிழிந்திருந்தது.

“இவளுக்கு ஒன்று பின்னவில்லையா, ஆமா?” என்று கேட்டுவிட்டேன். கேட்டது தவறோ என்றும் தோன்றிற்று.

ஆமா சற்றுநேரம் பதில் சொல்லவில்லை. “தில்லிக்கு அனுப்பியான பிறகு, சிப்பாய்க்கு ஆன பிறகு, பையனுக்கு ஆன பிறகு இவளுக்கு என்று வருஷா வருஷம் நினைக்கிறேன். அதற்குள் நூல் தீர்ந்துபோகிறது” என்றாள். பிறகு மருமகளைப் பார்த்து, “திரும்பி உட்கார்” என்றாள். ப்வாரி, “எனக்கு எதற்கு?” என்று தடுத்தாள். ஆமா காதில் வாங்கவில்லை. முதுகில் ஜாண் போட்டு அளந்தாள். இந்தத் தடவை ஊகிக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

பத்தாம் நாள் புறப்பட்டேன். பேத்தியின் நீலச் சட்டை முடிந்துவிட்டது. அதைப் பழந்துணியில் மடித்து என்னிடம் கொடுத்து, தில்லியில் சேர்த்துவிடும்படி சொன்னாள். அதோடு முந்தானையிலிருந்து ரூபாய் நோட்டுகளை அவிழ்த்து எடுத்தாள். “அல்மோராவில் லாலா பஜாரில் நல்ல நூல் கிடைக்கும். வாங்கி ஜீப் ஓட்டியிடம் கொடுத்தனுப்பு. மண் நிறமாகப் பார், அழுக்குத் தெரியாது” என்றாள். பணம் வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். “பேத்திக்கு நீ சுமந்துகொண்டு போகிறாய், அதற்குக் கூலி கொடுத்தேனா? நூலுக்கு விலை கொடுக்கத்தான் வேண்டும்” என்று முடித்துவிட்டாள்.

ஜீப் நிற்கும் இடம் வரையில் ப்வாரி நொண்டிக்கொண்டே வழியனுப்ப வந்தாள். பத்து நாட்களில் தனக்கென்று ஒரு வார்த்தை அவள் பேசிக் கேட்டதில்லை. வண்டி புறப்படும் சமயத்தில், தரையைப் பார்த்துக்கொண்டு, “அண்ணா, பச்சை இருந்தால்… கோதுமை முளைக்கிறபோது இருக்குமே, அந்தப் பச்சை” என்றாள்.

அல்மோராவில் கல் பாவிய அந்தப் பழைய கடைத்தெருவில் நான்கு கடை ஏறி இறங்கி, அந்தப் பச்சையைக் கண்டுபிடித்தேன். ஆமாவின் உத்தரவை மீறியதற்குப் பரிகாரமாக மண் நிறத்தில் ஒரு சிட்டமும் சேர்த்து வாங்கினேன், விளிம்புக்கு ஆகும். இரண்டையும் ஜீப் ஓட்டியிடம் ஒப்படைத்துவிட்டுக் காட்கோதாம் போய் ரயில் ஏறினேன்.

தில்லியில் அந்தக் குழந்தை நீலச் சட்டையை மாட்டிப் பார்த்தது. கை ஒரு விரற்கடை நீளம். “அடுத்த வருஷத்துக்கும் ஆகும்” என்றாள் அதன் தாய். ஊகத்தில் இவ்வளவு தவறு வந்தால் அதைத் தவறென்று சொல்ல முடியாது.

நேயர்களே, இமயத்தைப் பார்க்க வேண்டுமானால் புரட்டாசிக்குப் பிறகு போங்கள். ஆகாயம் தெளிவாக இருக்கும். போகிறவர்கள் சிகரத்தைப் பார்த்த பிறகு, அதன் அடிவாரத்துச் சரிவில் அசைகிற புற்கட்டுகளையும் சற்று நேரம் நின்று பாருங்கள். ஒவ்வொரு கட்டுக்கும் கீழே ஒரு முகம் இருக்கிறது. முடிந்தால், நான் செய்யத் தவறியதை நீங்கள் செய்யுங்கள்: அந்த முகத்துக்குரியவளின் பெயரைக் கேளுங்கள்.